தோற்றவர் வீட்டுக்குப் போக முடிகிறதா? அண்டை நாடுகளின் ஜனநாயகம்: ஓர் எளிய அறிமுகம்

டெல்லி சாணக்கியபுரியில் தமிழ்நாடு இல்லமும் இலங்கைத் தூதரகமும் ஒரே கௌடில்யா மார்க்கில் இருக்கின்றன. பாகிஸ்தான், வங்கதேசம், மியான்மர், பூடான் தூதரகங்களும் அதே வட்டாரத்தில்தான். லாஜ்பத் நகரில் ஆப்கானியர்களின் ரொட்டிக் கடைகள். விகாஸ்புரிப் பக்கம் மியான்மரில் இருந்து வந்த சின் மக்கள். 2024 ஆகஸ்ட் 5 அன்று டாக்காவை விட்டு வெளியேறிய ஷேக் ஹசீனாவின் விமானம் இறங்கியது பக்கத்துக் காசியாபாத்தின் ஹிண்டன் தளத்தில். சுற்றியுள்ள நாடுகளில் ஆட்சி குலையும்போதெல்லாம் யாரோ சிலர் இந்த நகரத்துக்கு வந்து சேர்கிறார்கள்.

ஆகவே டெல்லித் தமிழர்களுக்கு இது தொலைதூர விஷயம் இல்லை. பழைய ராஜிந்தர் நகரிலும் கரோல் பாகிலும் அறை எடுத்துக் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அண்டை நாடுகள் பாடத்திட்டத்திலேயே உண்டு, பொதுத்தாள் இரண்டில். ஆனால் பயிற்சிக் குறிப்புகளில் பெரும்பாலும் கிடைப்பது தேதிகளும் பெயர்களும். அந்தத் தேதிகளை ஒன்றோடொன்று கோப்பதற்கு ஒரு கேள்வி வேண்டும். அந்தக் கேள்வியில் இருந்து தொடங்கலாம்.

கேள்வி இதுதான்

ஒரு நாட்டில் தேர்தல் நடக்கிறதா என்று மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது. ஏறக்குறைய எல்லா நாடும் தேர்தல் நடத்துகிறது. ராணுவ ஆட்சியும் நடத்துகிறது. கேட்க வேண்டியது: ஆட்சியில் இருப்பவர் தோற்க முடியுமா? தோற்றால் சிறைக்கோ வெளிநாட்டுக்கோ போகாமல் வீட்டுக்குப் போக முடியுமா? அடுத்த முறை மறுபடி நின்று ஜெயிக்க முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது ஜனநாயகம். மூன்றுக்கும் இல்லை என்றால் எதேச்சாதிகாரம். அது ராணுவத்தின் கையில் இருக்கலாம், ஒரே கட்சியின் கையில் இருக்கலாம், அரசர் கையிலும் இருக்கலாம்.

நம் அண்டை நாடுகளில் பல நிற்பது இரண்டுக்கும் இடையில். அங்கே எதிர்க்கட்சி உண்டு, பத்திரிகை உண்டு, வாக்குப் பெட்டியும் உண்டு. ஆனால் நடுவர் ஆளும் கட்சியின் ஆள். அரசியல் அறிவியலில் இதைப் போட்டி எதேச்சாதிகாரம் என்பார்கள். இந்த இடைநிலையைப் புரிந்துகொள்வதுதான் கடினம். தெற்காசியாவைப் புரிந்துகொள்ள அது தெரியாமல் முடியாது.

தோற்றவரின் கதியை ஏன் இவ்வளவு முக்கியமாகச் சொல்கிறோம்? தோல்வி என்றால் சிறை என்று ஆகிவிட்டால், பதவியில் இருப்பவர் தோற்கவே துணிய மாட்டார். தேர்தல் ஆணையத்தையும் நீதிமன்றத்தையும் வளைக்கப் பார்ப்பார். எதிர்க்கட்சியும் முடிவை ஏற்காது, தெருவுக்கு வரும். ஆட்சி மாறியதும் நேற்று அடிபட்டவர் இன்று அடிப்பார். ஒவ்வொரு சுற்றிலும் பந்தயத் தொகை ஏறிக்கொண்டே போகும். வங்கதேசத்தில் நடந்தது இதுவே. அதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

வங்கதேசம்: நடுவரை யார் நியமிப்பது

சாமுவேல் ஹண்டிங்டன் என்ற அமெரிக்க அறிஞர் ஓர் அளவுகோல் சொன்னார். புதிய ஜனநாயகத்தில் ஆட்சி இரண்டு முறை தேர்தல் வழியாக அமைதியாகக் கைமாறிவிட்டால் அது வேரூன்றிவிட்டது என்று கொள்ளலாம். வங்கதேசம் இந்தத் தேர்வில் தேறிய நாடு. ராணுவ ஆட்சியாளர் எர்ஷாத் 1990 டிசம்பர் 6இல் பதவி விலகினார். 1991இல் கலீதா ஜியாவின் வங்கதேச தேசியவாதக் கட்சி, 1996இல் ஹசீனாவின் அவாமி லீக், 2001இல் மறுபடி கலீதா, 2008இல் மறுபடி ஹசீனா. இப்படி மாறி மாறி வந்த பிறகும் அந்த ஜனநாயகம் சரிந்தது. அளவுகோல் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

சரிவு தொடங்கியது ஒரு நல்ல ஏற்பாட்டில் இருந்து. ஆளும் கட்சி தேர்தலை நேர்மையாக நடத்தும் என்று இரு கட்சிகளுமே நம்பவில்லை. அதனால் 1996இல் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. நாடாளுமன்றம் கலைந்ததும் கட்சி சாராத காபந்து அரசு பொறுப்பேற்கும். கடைசியாக ஓய்வு பெற்ற தலைமை நீதிபதி அதன் தலைமை ஆலோசகர். அவருக்குக் கீழே அதிகபட்சம் பத்து ஆலோசகர்கள். 90 நாளில் தேர்தல். 1996 ஜூன், 2001 தேர்தல்கள் இந்த முறையில் நடந்தன. இரண்டிலும் ஆட்சி மாறியது.

எங்கே ஓட்டை விழுந்தது? தலைமை நீதிபதி ஓய்வு பெறும் நாளை வைத்துத்தான் நடுவர் யார் என்பது முடிவாகிறது என்றால், அந்த நாளை மாற்றினால் நடுவரையும் மாற்றலாம். 2004இல் அன்றைய அரசு 14ஆம் திருத்தத்தின் வழியாக நீதிபதிகளின் ஓய்வு வயதை 65இல் இருந்து 67 ஆக உயர்த்தியது. தங்களுக்கு வேண்டியவர் தலைமை ஆலோசகர் ஆவதற்கே இந்த ஏற்பாடு என்று அவாமி லீக் கொதித்தது. 2006 இறுதியில் தெருக்களில் ரத்தம் சிந்தியது. அந்த நீதிபதி ஒதுங்கிக்கொள்ள, குடியரசுத் தலைவரே தலைமை ஆலோசகர் பதவியையும் எடுத்துக்கொண்டார். 2007 ஜனவரி 11 அன்று அவசரநிலை. அதன்பின் ராணுவத்தின் பின்பலத்தில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு இடைக்கால ஆட்சி.

2008 டிசம்பரில் பெரும் வெற்றி பெற்று வந்த ஹசீனா, 2011இல் 15ஆம் திருத்தத்தில் காபந்து முறையையே நீக்கினார். நீதிமன்றமும் அதே ஆண்டு அந்த முறை செல்லாது என்று சொல்லியிருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் சட்டப்படி குறை தெரியாது. ஆனால் நடந்ததைப் பாருங்கள். 2014 ஜனவரித் தேர்தலை எதிர்க்கட்சி புறக்கணித்தது. 300 இடங்களில் 153இல் போட்டியே இல்லை. பாதிக்கு மேற்பட்ட தொகுதிகளில் ஒரு வாக்குகூடப் பதிவாகாமல் உறுப்பினர்கள் தேர்வானார்கள். 2018 தேர்தலில் எதிர்க்கட்சி பங்கேற்றது, கையளவு இடம்தான் கிடைத்தது. 2024 ஜனவரியில் மறுபடி புறக்கணிப்பு. வாக்குச்சாவடி வழியாக வெளியேற வழி இல்லாத கோபம் அந்த ஆண்டு ஜூலையில் அரசு வேலை ஒதுக்கீட்டுப் போராட்டமாக வெடித்தது. 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐநா மனித உரிமை அலுவலகம் 2025 பிப்ரவரியில் மதிப்பிட்டது.

ஹசீனா போனதோடு பழைய சுழல் நின்றுவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முகமது யூனுஸின் இடைக்கால அரசு 2025 மே மாதம் அவாமி லீகின் செயல்பாடுகளுக்குத் தடை விதித்தது. கொலைகளுக்குப் பொறுப்பானவர்களைத் தண்டிப்பது நியாயம், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் லட்சக்கணக்கானோர் வாக்களித்து வந்த ஒரு கட்சியையே களத்துக்கு வெளியே நிறுத்தினால், மேலே கேட்ட மூன்றாவது கேள்விக்கு விடை மறுபடி ‘இல்லை’ ஆகிறது. அந்த நாட்டின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்பட எங்களுக்கு இதுவே முதல் காரணம்.

இலங்கை: திருத்தம், எதிர்த்திருத்தம்

இலங்கை 1931 முதல் சர்வஜன வாக்குரிமை கொண்ட நாடு. இந்தியாவுக்கு முன்னால். அங்கே டாங்கிகள் தெருவுக்கு வந்து ஆட்சியைப் பிடிக்கவில்லை. 1962இல் ஒரு ராணுவச் சதி நடக்கும் முன்பே தோற்றது. அதிகாரம் குவிந்ததெல்லாம் நாடாளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால்.

ஜே. ஆர். ஜெயவர்த்தன 1977இல் 168 இடங்களில் 140ஐப் பிடித்தார். 1978இல் நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறை வந்தது. 1980இல் முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடிமை உரிமைகளை ஏழு ஆண்டுக்குப் பறித்தார்கள். 1982 ஜனாதிபதித் தேர்தலில் அவரால் நிற்க முடியவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் பொதுத்தேர்தலுக்குப் பதிலாக ஒரு பொதுவாக்கெடுப்பு வைத்து, இருந்த நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டு நீட்டினார்கள். 1977இல் தேர்வான சபை 1988 டிசம்பர் வரை உட்கார்ந்திருந்தது.

இதன் விலையைத் தமிழர்கள் கொடுத்தார்கள். 1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பிறகு, ஆகஸ்டில் வந்த 6ஆம் திருத்தம், தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்ற உறுதிமொழியை உறுப்பினர்கள்மேல் திணித்தது. ஏற்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் இடங்களை இழந்தார்கள். போர் மூண்ட அந்த ஆண்டுகளில் வடக்கின் மக்களுக்காகப் பேச அவர்கள் தேர்ந்தெடுத்த கட்சி சபையில் இல்லை. வாக்குப் பெட்டியை மூடினால் எது திறக்கும் என்பதற்கு நம் மொழி பேசும் மக்களே சாட்சி.

அதற்குப் பின் வந்த திருத்தங்களை ஒரு தொடராக நினைவில் வைத்தால் போதும். 2001இன் 17ஆம் திருத்தம் தேர்தல், போலீஸ் ஆணையங்களின் நியமனத்தை அரசியலமைப்புப் பேரவையிடம் கொடுத்தது. 2010இன் 18 அதைப் பறித்து, இரண்டு முறைதான் ஜனாதிபதி ஆகலாம் என்ற வரம்பையும் நீக்கியது. 2015இன் 19 இரண்டையும் மீட்டது. 2020இன் 20 மறுபடி ஜனாதிபதியிடம் குவித்தது. 2022இன் 21 ஓரளவு திருப்பி எடுத்தது. ஒற்றைப்படை எண் என்றால் கட்டுப்பாடு, இரட்டைப்படை என்றால் குவிப்பு என்று மாணவர்கள் மனதில் பதித்துக்கொள்ளலாம், 17 முதல் 21 வரை இது பொருந்துகிறது.

சட்டப் பிரிவு ஒன்று எவ்வளவு தூரம் காக்கும் என்பதற்கு 2018 நல்ல எடுத்துக்காட்டு. அக்டோபர் 26 அன்று ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்ரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவை நியமித்தார். பெரும்பான்மை சேரவில்லை என்றதும் நவம்பர் 9இல் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். ஆனால் 19ஆம் திருத்தப்படி நாலரை ஆண்டுக்கு முன் கலைக்க முடியாது. டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகக் கலைப்பு செல்லாது என்றார்கள். மூன்று நாளில் ரணில் மறுபடி பிரதமர். அந்த ஒரு பிரிவு இல்லாதிருந்தால் நீதிபதிகளின் துணிச்சல் மட்டும் போதியிருக்காது.

ராணுவம் பங்காளியாக இருக்கும் இடங்கள்

பாகிஸ்தானில் எந்தப் பிரதமரும் ஐந்து ஆண்டு முழுதாக முடித்ததில்லை. 1958, 1977, 1999 ஆகிய மூன்று ராணுவப் புரட்சிகளை மட்டும் காரணம் காட்டினால் பாதிதான் புரியும். மீதிப் பாதி சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஜியா உல் ஹக் 1985இல் 8ஆம் திருத்தத்தில் 58(2)(பி) பிரிவைச் சேர்த்தார். குடியரசுத் தலைவர் தன் விருப்பப்படி நாடாளுமன்றத்தைக் கலைக்கலாம். 1988, 1990, 1993, 1996 என்று நான்கு முறை அது பயன்பட்டது. ராணுவம் வெளியே வரவே தேவைப்படவில்லை. 2010இன் 18ஆம் திருத்தம் அந்தப் பிரிவை எடுத்துவிட்டது. அதன்பின் பிரதமர்களை இறக்கியது நீதிமன்றம்: 2012இல் கிலானி, 2017இல் நவாஸ் ஷெரீப். ஒரு கதவை அடைத்தால் அடுத்த கதவு திறக்கிறது என்பதுதான் அங்கே தொடர்ந்து நடக்கும் கோளாறு. ராணுவ ஆட்சியை ‘அவசியம்’ என்ற சட்டக் கோட்பாட்டால் செல்லுபடியாக்கியதும் அதே நீதிமன்றங்கள்தான், 1977க்குப் பிறகும் 2000இலும்.

2024 பிப்ரவரி 8 தேர்தலை, சாய்ந்த தேர்தல் எப்படி நடத்தப்படுகிறது என்பதற்குப் பாடமாகவே வைக்கலாம். உட்கட்சித் தேர்தல் சரியாக நடக்கவில்லை என்று இம்ரான் கானின் கட்சிக்குக் கிரிக்கெட் மட்டைச் சின்னம் மறுக்கப்பட்டது. எழுத்தறிவு குறைந்த நாட்டில் சின்னம்தான் கட்சி. வேட்பாளர்கள் சுயேச்சைகளாகத் தொகுதிக்கு ஒரு சின்னத்தில் நின்றார்கள். வாக்களிப்பு நாளில் நாடெங்கும் செல்பேசிச் சேவை நிறுத்தப்பட்டது. சாவடியில் எண்ணி முடித்ததும் எழுதுவது 45ஆம் படிவம். எல்லாச் சாவடிகளையும் கூட்டித் தொகுதி அளவில் எழுதுவது 47ஆம் படிவம். முகவர்களிடம் இருந்த 45களின் கூட்டுத்தொகை அறிவிக்கப்பட்ட 47ஓடு ஒத்துவரவில்லை என்ற வழக்குகள் குவிந்தன.

சுயேச்சைகளே அதிக இடம் பிடித்தார்கள். ஆனால் தேசிய சபையில் பெண்களுக்கு 60, சிறுபான்மையினருக்கு 10 என்று ஒதுக்கிய 70 இடங்களைக் கட்சிகளுக்குத்தான் பங்கிடுவார்கள், சுயேச்சைக்குப் பங்கு இல்லை. உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் 8க்கு 5 என்று இம்ரானின் கட்சிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அக்டோபரில் 26ஆம் திருத்தம் வந்து, தலைமை நீதிபதியைத் தேர்வதில் நாடாளுமன்றக் குழுவுக்கு அதிகாரம் கொடுத்தது, தனி அரசியலமைப்பு அமர்வுகளையும் உருவாக்கியது. 2025 ஜூனில் அப்படி ஓர் அமர்வு முந்தைய தீர்ப்பை மாற்றியது. அதே ஆண்டு நவம்பரில் 27ஆம் திருத்தம், ஃபீல்டு மார்ஷல் பட்டம் பெற்ற ராணுவத் தளபதிக்கு வாழ்நாள் சட்டப் பாதுகாப்பு தந்தது. தேர்தல் நடக்கிறது, நாடாளுமன்றம் கூடுகிறது, ஆனால் யார் தோற்க வேண்டும் என்பது வெளியே முடிவாகிறது. இந்த நிலை இளகும் அறிகுறி எதுவும் இப்போதைக்குத் தெரியவில்லை.

மியான்மரில் ராணுவம் கணக்குப் போட்டே பூட்டியது. 2008 அரசியலமைப்பின்படி இரு அவைகளிலும் சேர்த்து 664 இடங்கள். அதில் 166 தலைமைத் தளபதி நியமிப்பவை, சரியாக 25 சதவீதம். முக்கியப் பிரிவுகளைத் திருத்த 75 சதவீதத்துக்கு ‘மேல்’ வாக்கு வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட 498 பேரும் ஒரே குரலில் நின்றாலும் அது சரியாக 75தான். ஒரு சீருடைக்காரரின் கை உயராமல் எதுவும் மாறாது. பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் ஆகிய மூன்று அமைச்சகங்களும் தளபதியின் ஆட்களுக்கு. 2020 நவம்பரில் ஆங் சான் சூச்சியின் ஜனநாயகத்துக்கான தேசிய லீக் போட்டி நடந்த 476 இடங்களில் 396 வென்றபோதும் இந்தப் பூட்டு அப்படியே இருந்தது. அதுவும் பத்தாமல் 2021 பிப்ரவரி 1இல் ஆட்சியைப் பிடித்தார்கள். 2023இல் அந்த லீக் கலைக்கப்பட்டதாக அறிவித்தார்கள். சூச்சியைச் சிறையில் வைத்து, வென்ற கட்சியைக் கலைத்து, உள்நாட்டுப் போருக்கு நடுவே 2025 டிசம்பர் 28 முதல் கட்டம் கட்டமாக நடத்தியதைத் தேர்தல் என்று அழைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

தெரு ஆட்சியைக் கவிழ்த்த பிறகு

கொழும்பு 2022, டாக்கா 2024, காத்மாண்டு 2025. மூன்று தலைநகரங்களில் இளைஞர்கள் அரசைக் கவிழ்த்தார்கள். படங்கள் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் மறுநாள் காலை யார் பொறுப்பேற்பது என்பதற்கு அரசியலமைப்பில் விடை இருந்ததா என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன.

இலங்கையில் இருந்தது. 40ஆம் பிரிவுப்படி, ஜனாதிபதி இடையில் விலகினால் நாடாளுமன்றம் ரகசிய வாக்கெடுப்பில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். அவர் மீதிக் காலம் மட்டும் இருப்பார். 2022 ஜூலை 14இல் ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ச விலகினார், 20இல் ரணில் 134 வாக்குடன் தேர்வானார். போராட்டக்காரர்களுக்கு அது கசப்பான முடிவு. விரட்டப்பட்டவரின் கட்சி வாக்கால்தான் ரணில் வந்தார். ஆனாலும் நாட்காட்டி உடையவில்லை. அன்றைக்கு 3 வாக்கு மட்டுமே பெற்ற அநுர குமார திசாநாயக்க 2024 செப்டம்பர் 21 தேர்தலில் ஜனாதிபதி ஆனார். அந்தத் தேர்தலில் எவருக்கும் 50 சதவீதத்துக்கு மேல் கிடைக்காததால், முதல் இருவரைத் தவிர மற்றவர்களை நீக்கி, அவர்களுடைய வாக்குச் சீட்டுகளில் உள்ள இரண்டாம், மூன்றாம் விருப்பங்களை எண்ண வேண்டிவந்தது. அந்நாட்டில் முதல் முறை. ஒரு கல் வீசப்படாமல் முடிந்தது.

வங்கதேசத்தில் விடை இல்லை. காபந்து முறையை எடுத்துவிட்டிருந்தார்களே. 106ஆம் பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டு இடைக்கால அரசை அமைத்தார்கள். அதற்குக் கால வரம்பு எங்கும் எழுதப்படாததால் தேர்தல் எப்போது என்பதே பெரிய சண்டை ஆனது. நேபாளத்தில் 2025 செப்டம்பர் 4இல் 26 சமூக ஊடகங்களை முடக்கினார்கள், 8இல் துப்பாக்கிச் சூடு, 9இல் பிரதமர் ஒலி விலகல். எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிரதமரை நியமிக்கும் 76ஆம் பிரிவு நாடாளுமன்ற உறுப்பினரைத்தான் ஏற்கும். முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி உறுப்பினர் இல்லை. அதனால் குடியரசுத் தலைவர் தமது பொதுக் கடமையைச் சொல்லும் 61ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு நியமித்தார். ஆனால் நியமித்த அன்றே 2026 மார்ச் 5 என்று தேர்தல் நாளும் குறித்தார்கள். வழி இல்லாத இடத்தில் வழி செய்யும்போது, திரும்பிப் போகும் தேதியையும் சேர்த்து எழுதுவது மிகப் பெரிய பாதுகாப்பு. 2021இல் ஒரே ஆண்டில் இரண்டு முறை நாடாளுமன்றக் கலைப்பைச் செல்லாது என்று மீட்ட நீதிமன்றம் அந்த நாட்டுக்கு இருக்கிறது, அது சிறிய பலம் இல்லை.

மற்றவை, சுருக்கமாக

பூடானில் அரசரே 2008இல் தேர்தலைக் கொண்டுவந்தார். முதல் சுற்றில் எல்லாக் கட்சிகளும், இரண்டாம் சுற்றில் முதல் இரண்டு கட்சிகள் மட்டும், 47 இடங்களுக்கு. அதன்பின் 2013, 2018, 2024 மூன்றிலும் ஆண்ட கட்சி தோற்று அமைதியாக ஒதுங்கியது. 1990களில் நேபாளி மொழி பேசும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வெளியேற்றப்பட்ட நாடு அது என்பதையும் உடன் நினைக்க வேண்டும். யாருக்கு வாக்கு என்ற கேள்விக்கு முன்னால் யார் குடிமக்கள் என்ற கேள்வி நிற்கிறது. மாலத்தீவில் அதிபர் யாமீன் 2018 பிப்ரவரியில் நெருக்கடி நிலை அறிவித்துத் தலைமை நீதிபதியையே கைது செய்தார். ஆனால் செப்டம்பரில் வாக்குப் பெட்டி அவரை வீட்டுக்கு அனுப்பியது.

இந்தியாவைத் தள்ளிவைத்துவிட்டு அண்டை வீட்டைப் பேசுவது சரியாகாது. 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை நீடித்த நெருக்கடி நிலையில் இங்கேயும் மக்களவைத் தேர்தல் தள்ளிப்போனது, எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். இந்திரா காந்தி 1977இல் தோற்றார், 1980இல் திரும்பி வந்தார். இடையில் 1978இல் 44ஆம் திருத்தம், நெருக்கடி நிலை அறிவிக்க இருந்த ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற காரணத்தை ‘ஆயுதமேந்திய கலகம்’ என்று இறுக்கியது. தோற்றவர் திரும்ப முடிந்ததும், ஓட்டையை அடைத்ததும் ஒரே சமயத்தில் நடந்தன.

வறுமை இருந்தால் ஜனநாயகம் நிலைக்காது என்று சொல்பவர்கள் பிரசெவோர்ஸ்கி, லிமோங்கி என்ற அரசியல் அறிஞர்கள் இருவரின் 1997 ஆய்வைக் காட்டுவார்கள். 1975இன் அர்ஜென்டினாவைவிட அதிகத் தலா வருமானம் உள்ள எந்த ஜனநாயகமும் அதுவரை கவிழ்ந்ததில்லை என்பது அவர்கள் கண்டது. ஏழை நாட்டில் ஜனநாயகம் நிலைக்காது என்று அவர்கள் சொல்லவில்லை. உடையும் வாய்ப்பு கூடுதல் என்றார்கள். இரண்டும் ஒன்றல்ல.

டெல்லியில் இருந்து பார்க்கும்போது ஒரு தவறு சுலபமாக நேரும். அந்த அரசு இந்தியாவுக்கு நெருக்கமா, சீனாவுக்கு நெருக்கமா என்று பார்த்து, நெருக்கமானதை நல்ல அரசு என்று எடுத்துக்கொள்வோம். ஹசீனாவின் கடைசிப் பத்தாண்டுகளை இங்கே பலரும் அப்படித்தான் படித்தார்கள். நட்பு வெளியுறவுக் கணக்கு. ஓர் அரசு தன் மக்களுக்குத் தோற்கத் தயாரா என்பதை அது சொல்லாது.

செய்தியில் எதைப் பார்ப்பது

அண்டை நாட்டில் தேர்தல் அறிவிப்பு வந்தால் வாக்கு நாளுக்குப் பல மாதம் முன்பே பார்க்கத் தொடங்குங்கள். தேர்தல் ஆணையரை நியமித்தது யார், எதிர்க்கட்சிக்கு அந்த நியமனத்தில் குரல் உண்டா? முக்கிய வேட்பாளர் எவராவது வழக்கில் தகுதி இழந்தாரா? இழந்தார் என்றால், தீர்ப்பு சொன்ன நீதிபதியை நியமிக்கும் முறை அண்மையில் மாறியதா? சாவடி வாரியான எண்ணிக்கை வெளியாகிறதா, மொத்தம் மட்டும்தானா? இணையத்தை எந்த நாளில் துண்டித்தார்கள்? இவற்றில் இரண்டு மூன்றுக்கு மோசமான விடை வந்தாலே, வெளிநாட்டுப் பார்வையாளர்கள் வாக்கு நாள் அமைதியாகக் கழிந்தது என்று சொல்வதை நம்பி உட்கார வேண்டாம்.

முன்னாள் தலைவர் மேல் வழக்கு வந்தால் உடனே பழிவாங்கல் என்றும் சொல்லிவிட முடியாது. ரணில் 2025 ஆகஸ்டில் அரசு நிதி தொடர்பான வழக்கில் கைதாகி, சில நாளில் பிணையில் வந்தார். அவர் கட்சி இயங்குகிறது. பிணை கிடைக்கிறதா, கட்சி போட்டியிட முடிகிறதா, ஆளும் தரப்பினர் மேலும் அதே சட்டம் பாய்கிறதா என்று மூன்றையும் பார்த்தால் வேறுபாடு பிடிபடும்.

நடந்த தேர்தலைவிட நடக்காத தேர்தலைக் கவனிப்பது கடினம், அது செய்தியாக வராது. இலங்கையின் மாகாண சபைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் இயற்றினார்கள். புதிய முறைக்குத் தொகுதி எல்லை வரையறை வேண்டும். அந்த அறிக்கை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் தோற்றது. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. எவரும் தேர்தலை ரத்து செய்யவில்லை. நடத்துவதற்குச் சட்டம் இல்லாமல் போய்விட்டது. 2013இல் தேர்வான வட மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதன்பின் வந்த ஒவ்வோர் அரசும் விரைவில் நடத்துவோம் என்றது. 2024 நவம்பரில் 225இல் 159 இடம் பெற்ற இப்போதைய ஆளும் கூட்டணிக்கு, பழைய முறையிலேயே நடத்த ஒரு சிறு திருத்தம் போதும். அதற்கான வாக்கு அவர்களிடம் தாராளமாக இருக்கிறது. கொழும்பின் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தைப் படிப்பவர்கள், மாகாண சபைத் தேர்தலுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்பதோடு அந்தத் திருத்த மசோதா வந்ததா என்றும் சேர்த்துப் பாருங்கள்.